தங்கச்சி வாடகைக்கு எடுத்த யாட்

இத்தாலியில, பலெர்மோவில சனிக்கிழமையெண்டால் எனக்கு யாட் எண்ட உல்லாசப் படகு துடைக்கிற நாள். ஒரு கிழமை தீவுகளைச் சுத்திப்போட்டு வாற ஆக்கள் காலமை ஒன்பதுக்கு இறங்குவினம். பின்னேரம் அஞ்சுக்கு அடுத்த கூட்டம் ஏறும். இடையில மூண்டு அறை, ரெண்டு கக்கூஸ், ஒரு குசினி. தண்ணி போற ஓட்டையில அடைக்கிற தலைமயிரைப் பற்றி மட்டும் நான் ஒரு புத்தகம் எழுதுவன்.

ஊரில அம்மாவுக்கும் கனடாவில தங்கச்சிக்கும் சொன்னது வேற. யாட் வாடகைக்கு விடுற கொம்பனியில ஆபீஸ் வேலை எண்டு. ஏழு வருசமா ஒரு பிசகில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தனான். கொம்பனியின்ர பேரையும் பெருமைக்குச் சொல்லித் துலைச்சிட்டன்.

போன கோடைக்குத் தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, உங்கட கொம்பனியிலதான் யாட் எடுத்திருக்கிறம். வெளிக்கிட முதல் நீயும் வந்து ஏறிப் பாக்கோணும்."

ஐயோ மாதாவே! சந்தோசமெண்டு சொன்னன்.

அவையள் வந்த சனி அவளின்ர யாட்டை நானே கேட்டு வாங்கித் துடைச்சன். வேற ஆர் துடைச்சாலும் அவள் குறை சொல்லுவாள். பிறகு துறையில இருக்கிற கக்கூசில முகம் கழுவி, நல்ல சேர்ட் மாத்தி, உதட்டுக்குச் சாயமும் பூசி ஆபீஸ்காரியா வெளிக்கிட்டன்.

அவளின்ர மனுசனும் பிள்ளையளும் சாமான் வாங்கப் போயிட்டினம். அவள் அறை அறையாத் திறந்து பாத்தாள்.

"என்ன வடிவாத் துடைச்சு வைச்சிருக்கினம்!"

"ஓம், இஞ்சை நல்ல ஆக்கள் வேலை செய்யினம்," எண்டன், வெக்கமில்லாமல்.

அவள் என்ர கையைப் பிடிச்சாள். பிளீச்சில விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்தது.

"கையுறை போட்டுத் துடைக்கிறேல்லையோ, அக்கா?"

நான் கையை இழுத்துக்கொண்டன். "எப்ப தொடக்கம் தெரியும்?"

"நாலைஞ்சு வருசம். உங்கட கோயில் ஆக்கள் ஆரோ ஊருக்குப் போய்க் கதைச்சிருக்கினம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் பொய் சொன்னதைவிட, அவையள் நம்பின மாதிரி நடிச்சதுதான் பெரிய வெக்கமாக் கிடந்தது.

"அப்ப அம்மாவுக்கு?"

"அம்மாதான் எனக்குச் சொன்னவ. அக்காட்டை மூச்சு விடாதை, அவள் தாங்கமாட்டாள் எண்டவ. ஊருக்கெல்லாம் இன்னும் ஆபீஸ் எண்டுதான் சொல்லுறா."

நான் அழுதன். பூசின சாயமெல்லாம் அவளின்ர தோளில.

அவையள் அஞ்சரைக்கு வெளிக்கிட்டினம். அடுத்த நாள் பூசை முடிய, வழமைபோல அம்மாவுக்குப் போன் எடுத்தன்.

"ஆபீஸில வேலை கூடவோ, பிள்ளை?" எண்டு கேட்டா.

"ஓமம்மா," எண்டன். "கதிரையை விட்டு எழும்ப நேரமில்லை."