சிட்டாவோடு வைத்த கடிதம்

தபால்காரர் அந்தக் கடிதத்தை வீட்டில் கொடுக்கவில்லை. நாற்றங்கால் வரப்பில் நின்றிருந்த என்னிடம் கொடுத்தார். குறுவை நடவு நேரத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். ஆள் எந்த வயலில் நிற்கிறாரோ அங்கேயே சைக்கிளை நிறுத்தி நீட்டிவிட்டுப் போவார். என் மகள் பெயருக்கு வந்த கடிதம். நான் பிரித்தேன். அது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மீன்வளப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. தெற்கே, கடலோரத்தில் ஒரு கல்லூரி. அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோருடன் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது.

அப்போது மன்னார்குடியைச் சுற்றி எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கம்ப்யூட்டர் படித்த ஒருவன் அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ போயிருந்தான். அவன் அப்பா மாடி கட்டிக்கொண்டிருந்தார். என் மகள் வாங்கிய மார்க்குக்கு இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டரே கிடைக்கும் என்று வாத்தியார்கள் சொல்லியிருந்தார்கள். அவளோ, பள்ளிக்கூடத்திலிருந்து கோடியக்கரைக்குப் போய் வந்த நாளிலிருந்து கடல், மீன் என்றே இருந்தாள். "நெல்லு விக்கிற வீட்ல பொறந்துட்டு மீனப் படிக்கப் போறியா?" என்று கேட்டு வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. விண்ணப்பம் போட்டபோது நான் தடுக்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியம்தான்.

கடிதத்தைக் கவரோடு கொண்டுபோய், பீரோவில் நிலத்துக்கான சிட்டா, பட்டா எல்லாம் வைத்திருக்கும் பைக்குள் செருகினேன். எங்கள் வீட்டில் அந்தப் பையை என்னைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். அந்த வியாழக்கிழமை எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வேறு. அன்றைக்கு நின்று மடை திறக்காவிட்டால் அடுத்த முறை வரை வயல் காயும். அதனால்தான் கடிதத்தைக் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தபால் ஏதாச்சும் வந்துச்சாப்பா?" என்று தினமும் கேட்டாள்.

"வந்தா குடுக்க மாட்டனா?" என்று எரிந்து விழுந்தேன். கேட்பவர் வாயை அடைக்கக் கோபம்தான் எனக்குக் கைகண்ட மருந்து.

திங்கட்கிழமை காலை மண்வெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. சிட்டா நகல் கேட்கிறார் என்றாள். நான் ஆசைப்பட்ட படிப்புக்கு அவளே காகிதம் சேர்க்கிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பீரோவுல பையில இருக்கும்மா, எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மதகடிக்குப் போன பிறகுதான் சுரீர் என்றது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினேன். வழுக்கி விழுந்து, எழுந்து, முழங்கால் சேற்றோடு வீட்டுக்குள் நுழைந்தால் அவள் இல்லை. பையைத் திறந்தேன். சிட்டாவைக் காணோம். கடிதம் நான் வைத்த இடத்தில், நான் வைத்தபடியே இருந்தது.

பார்த்தாளா, பார்க்கவில்லையா?

மதியம் வந்து எப்போதும்போல எனக்குச் சோறு போட்டாள். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமாப்பா?" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தபால் வந்ததா என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.  சண்டை போட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அவள் கூடத்தைப் பெருக்கினாள், கோலப்புத்தகம் பார்த்தாள், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஒவ்வொன்றையும் திருடன்போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பாதிச் சோற்றில் எழுந்தேன். "ரெண்டு நாளா ஒங்களுக்குச் சோறு எறங்கல. என்னன்னு சொல்லுங்க" என்று மனைவி வழிமறித்தாள். சொன்னேன். தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வியாழக்கெழம மடைய நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல அவகிட்ட போங்க."

மகள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கவரை நீட்டினேன். "இன்னக்கித்தாம்மா வந்துச்சு" என்று அப்போதும் பொய்யில்தான் ஆரம்பித்தேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மேல முத்திரையில தேதி இருக்குப்பா" என்றாள், சாதாரணமாக.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "போன வாரமே வந்துருச்சு. நாந்தான் ஒளிச்சு வச்சேன். தப்புத்தாம்மா."

"தெரியும்ப்பா. நாளைக்கி ராத்திரி எத்தன மணி பஸ்ல போவணும்?"

கல்லூரியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "போட்ல ஏறி நாள் கணக்கா கடல்ல இருக்க வேண்டி வரும். பொம்பளப் புள்ள. யோசிச்சுச் சொல்லுங்க சார்." வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் அவள் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "படிக்கப்போறது அவதான் சார். அவளையே கேளுங்க" என்றேன். அவள் ஒரே வார்த்தையில் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன். முழு மனசோடு போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவளிடம் கேட்டேன். "திங்கக்கெழமயே பாத்துட்டல்ல? அப்பவே ஏம்மா கேக்கல?"

"நீங்களா குடுக்கறீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"குடுக்காமப் போயிருந்தா?"

 யோசித்து, நிதானமாகச் சொன்னாள்.

"ஒண்ணும் பண்ணிருக்க மாட்டேன்ப்பா. நீங்க சொன்ன கம்ப்யூட்டரையே படிச்சிருப்பேன். நல்லாவே படிச்சிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் ஒங்ககிட்ட எனக்கு இது வேணும்னு எதையுமே சொல்லிருக்க மாட்டேன்."

என்னை விட்டுப் போக அவள் எந்த விமானத்திலும் ஏறியிருக்க வேண்டாம். என் வீட்டில், என் எதிரிலேயே இருந்துகொண்டு எனக்கு இல்லாமல் போயிருப்பாள். ஊர் வந்து இறங்கும்வரை எனக்கு அந்தப் பயம் தெளியவில்லை.