பாரிஸிலிருந்து வந்த பிஸ்டனும் ரெண்டு மில்லிமீட்டரும்

புதுச்சேரி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கடற்கரை, மஞ்சள் சுவர், காபிக் கடை எல்லாம் அவர்கள் பாடு. நான் போன சனிக்கிழமை அங்கே போனது கார் எஞ்சினைப் போர் செய்ய, அதாவது உள்ளே கடைந்து அகலப்படுத்த. பழைய காரை வைத்துக்கொண்டு என்னைப் போல அல்லாடுபவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பது ஒரு பழைய பியட். பதினோரு வருடமாகத் திருவண்ணாமலையில் என் வீட்டு வாசலில் இருக்கிறது. அதில் ஓடியது நான்கு வருடம்தான். பிஸ்டன் ஓடும் துளைகள் தேய்ந்து, ஏற்கெனவே இரண்டு முறை கடைந்து அகலப்படுத்திய பிளாக் அது. இன்னும் ஒரே ஒரு முறை கடையலாம். தப்பாகிவிட்டால் எடைக்குப் போட வேண்டியதுதான். துளைக்குள் புதுக் குழாய் செருகி ஸ்லீவ் அடிக்கலாமே என்பீர்கள். பக்கச் சுவரில் விரிசல் விட்டு ஒட்டிய பிளாக், தாங்காது என்று இரண்டு மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்கள். வேறு பிளாக் தேடி நான் அலையாத ஊரில்லை. "இந்தத் தடவையும் ஓடலேன்னா பானட்டைத் திறந்து கத்தரிச்செடி வச்சிடுவேன்" என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். செய்யக்கூடியவள்.

கடைசி அளவு பிஸ்டன் இங்கே எங்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் புதுச்சேரி லூர்து முசே கைகொடுத்தார். முசே என்றால் அங்கே பிரெஞ்சு வழக்கில் ஐயா. எனக்கு அந்தக் காரை விற்றவரே அவர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "இதே வண்டி பிரான்சுல வேற பேர்ல ஓடுச்சு தம்பி, அங்க கெடைக்கும்" என்றார். பாரிஸ் பக்கம் இருக்கும் அவர் மகள் விடுமுறைக்கு வந்தபோது நான்கு பிஸ்டன்களைப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

எஞ்சினைப் போன மாதமே லோடு வண்டியில் புதுச்சேரிக்கு அனுப்பி, மெக்கானிக் பிரித்தும் வைத்துவிட்டதால், பிஸ்டன் பையோடு மட்டும் காலை 5.20 பஸ்ஸில் ஏறினேன். செஞ்சி, திண்டிவனம் வழியாக மூன்றேகால் மணி நேரம். 8.35க்குப் புதுச்சேரி பேருந்து நிலையம். முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ இருநூறு கேட்டார்கள். நூற்று இருபதுக்குப் படிந்தது. அங்கே என் மெக்கானிக் தணிகாசலம் பிளாக்கை லோடு ஆட்டோவில் ஏற்றித் தயாராக இருந்தார். இருவரும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால்.

போரிங் பட்டறை ஜெயந்தி என்பவருடையது. மிஷினையும் அவரேதான் ஓட்டுகிறார். நான்கு பிஸ்டன்களையும் அளந்து பார்த்து நோட்டில் எழுதினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பழைய பிஸ்டன் எங்கங்க?" என்றார்.

"அதை எடைக்குப் போட்டாச்சு" என்றேன்.

"பழசப் பாக்காம நான் மிஷின்ல ஏத்தறதில்லைங்க. இது நம்ம கடைசி சைஸ விட ஒரு துளி அகலம். அகலமே மாறுதுன்னா உசரமும் மாறியிருக்கலாம். ஒரு தபா கடஞ்சுட்டா, அப்புறம் நம்ம ஊர் பிஸ்டன் எதுவும் இதுல நிக்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடியற்காலையில் எழுந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன். "பாரிஸிலிருந்து வந்த சாமான்மா இது" என்றேன்.

"எங்கேர்ந்து வந்தா என்னங்க, போறது இந்த பிளாக்குக்குள்ளதான?"

தணிகாசலம்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், எஞ்சின் பிரிச்சன்னிக்கு முசே வந்து ஒண்ண எடுத்துக்கிட்டுப் போனாரு. ஆஷ்ட்ரேக்கு" என்றார். ஐந்து மணி வரை மிஷினை எங்களுக்காக விட்டுவைப்பதாக ஜெயந்தி சொன்னார்.

முசே காலையில் ஏதோ சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. புதுச்சேரிக்கு வேலையாகப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்றிலிருந்து நான்கு வரை பழைய ஆட்கள் பலர் தூங்கப் போய்விடுவார்கள், கடைகளும் நிறைய மூடிவிடும். நூற்று முப்பது ரூபாய்க்கு மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, தணிகாசலம் ஷெட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு அடித்ததும் நானும் தணிகாசலமும் போய்த் தட்ட, முசே கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "அளக்கணுமா? எதுக்கு? மேம் ஷோஸ், தம்பி. ரெண்டும் ஒண்ணுதான். எம் பொண்ணு மூணு கடை ஏறி எறங்கி வாங்கியாந்தா." இருந்தாலும் பழைய பிஸ்டனை எடுத்துவந்து, அதிலிருந்த சாம்பலைக் கொட்டிவிட்டு மேசையில் வைத்தார்.

தணிகாசலம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் பக்கவாட்டுத் துளையிலும் ஒரே பின் கம்பியைச் செருகினார். புதியதன் தலை கொஞ்சம் மேலே நின்றது. அளந்தால் சரியாக இரண்டு மில்லிமீட்டர். அந்த உயரத்தோடு மாட்டினால், மேலே போகிற பிஸ்டன் எஞ்சின் மூடியான ஹெட்டில் போய் இடிக்கும்.

முசே ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு விரலை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டியது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் தட்டியது.

"மேல ரெண்டு மில்லி கடஞ்சுட்டா?" என்றார்.

"மெலிசாயிடும் முசே. சூட்டுல ஓட்ட உழுந்துடும்" என்றார் தணிகாசலம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் ஜெயந்தி மட்டும் என் கோபத்துக்குப் பணிந்து மிஷினை ஓட்டியிருந்தால், அந்தக் கடைசி வாய்ப்பு பத்தரை மணிக்கே முடிந்திருக்கும். அந்த அம்மாவிடம் குரல் உயர்த்தியதற்கு வெட்கமாக இருந்தது. போன் செய்து, போர் வேண்டாம் என்றேன். "நல்லதாப் போச்சுங்க. பிளாக்குல எண்ணெ தடவி வச்சுடறேன், துரு ஏறாது" என்றார்.

அந்த நேரம் பார்த்து முசேயின் மகள் வீடியோவில் அழைத்தாள். சனிக்கிழமைதோறும் அழைப்பாளாம். என்னைப் பார்த்ததும், "கார் ஓடுதா அங்கிள்?" என்று கேட்டாள். முசே என்னைப் பார்த்தார். "வேலை நடந்துக்கிட்டே இருக்கும்மா" என்று மழுப்பினேன். அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இல்லம்மா, பொருந்தல. நான் வண்டி பேரச் சொன்னேனே தவிர அளவச் சொல்லல. உம்மேல தப்பில்ல, எம்மேலதான்."

"பெட்டியில மூணு கிலோ சொமந்துட்டு வந்தேன் பப்பா" என்றாள் மகள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, அளவ அனுப்பு."

மாலை 6.10 பஸ்ஸில் திரும்பினேன். போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பழைய பிஸ்டனை எடைக்குப் போடாதீர்கள். ஒன்றாவது கையில் இருக்கட்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் அகலம், உயரம், பின் கம்பி செருகும் துளை மூன்றையும் அளந்து பாருங்கள். ஒரே கார் என்று விற்றாலும் ஊருக்கு ஊர் எஞ்சினில் கைவைத்திருப்பார்கள். பட்டறைக்காரர் வேலையைத் தொடங்க மறுத்தால், சண்டை போடும் முன் காரணத்தைக் கேளுங்கள். பிளாக்கை அங்கேயே விட்டுவரலாம். நான் விட்டு வந்திருக்கிறேன்.

நேற்று முசே போன் செய்தார். மகள் ஏதோ ஒரு பழைய சாமான் கடையில் நிற்கிறாளாம், இன்னொரு போனில் காத்திருக்கிறாளாம்.

"பின் ஓட்டையிலேர்ந்து தல வரைக்கும் எவ்ளோன்னு சொன்ன?"

சொன்னேன்.

"இரு, இரு. கண்ணாடி போட்டுக்கறேன். இன்னொரு தபா சொல்லு, எழுதிக்கிறேன்."