முந்தானைக்குப் பின்னால் என் மீசை

அந்தப் படத்தில் கதாநாயகி வள்ளத்திலிருந்து கடலில் குதிக்கிறாளே, அது நான்தான். ஐம்பதுகளில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பெரியபட்டினத்தில் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸிலிருந்து வந்த படக் கம்பெனி எங்கள் கரையில் நான்கு நாள் முகாம் போட்டிருந்தது. கதாநாயகிக்குப் பதிலாகச் சேலை கட்டிக் குதிக்க, சண்டைக் காட்சிகளில் நடிக்கும் ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். வள்ளம் ஆடிய ஆட்டத்தில் அவருக்குக் குடலே வெளியே வந்துவிடும் போலாகிவிட்டது. போதாக்குறைக்கு அன்று தண்ணீரில் சொறி என்கிற ஜெல்லிமீன் மிதந்தது. மேலே பட்டால் தோல் தடித்து எரியும். அவர் கும்பிடு போட்டுவிட்டு மணலில் படுத்துக்கொண்டார்.

கம்பெனி மேனேஜர் சங்கு குளிக்கிற எங்களிடம் வந்தார். "நல்லா முங்கத் தெரிஞ்சவன் யாருப்பா?"

கூட இருந்தவர்கள் என்னைக் கைகாட்டினார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். சேலையைப் பற்றி அப்போது நான் பெரிதாக யோசிக்கவில்லை. கைலிக்கு மேலேயே சுற்றிவிட்டார்கள். தலையில் சவுரிமுடியை வைத்துக் கட்டினார்கள். அதன்பிறகு மேனேஜர் சவரக்கத்தியோடு ஓர் ஆளை அனுப்பினார்.

"மீசைய எடுக்க மாட்டேன்" என்றேன்.

"டேய், கதாநாயகிக்கு மீசை இருக்குமாடா?"

"கதாநாயகிக்கு இருக்காது. எனக்கு இருக்கும். வேணாம்னா சொல்லுங்க, நான் போறேன்."

படுத்திருந்த ஆளை ஒருமுறை பார்த்தார் மேனேஜர். சவரக்கத்திக்காரரைத் திருப்பி அனுப்பினார். டைரக்டர்தான் வழி கண்டுபிடித்தார். முந்தானையை மூக்குவரை இழுத்து, வாயில் கடித்துக்கொண்டு குதிக்கச் சொன்னார். அதற்குப் பொருந்த வேண்டுமென்று, கரையில் எடுத்த முகக் காட்சியில் கதாநாயகியாக நடித்த அம்மாவையும் முந்தானையைக் கடிக்க வைத்தார்கள். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க மீசையால நான் துணியத் திங்க வேண்டியிருக்கு" என்று சிரித்தார். பிறகு, "பயமா இல்லையா தம்பி? எனக்குக் கிணத்த எட்டிப் பாத்தாலே தலை சுத்தும்" என்றார்.

நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை.

படத்தில் அது நள்ளிரவு. எடுத்தது உச்சி வெயிலில். காமிராவின் முன்னால் இருட்டுக் கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். புயலுக்காக நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காமிரா வள்ளத்தை ஆட்டினார்கள். என் வள்ளம் ஆழத்தில் நின்றது. காட்சி முடிந்ததும் துடுப்பால் அதன் பக்கத்தில் தட்டுவோம், அதுவரை மேலே வராதே என்று சொல்லியிருந்தார்கள்.

குதித்தேன். நனைந்த சேலை இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, அடிமணலில் கிடந்த பாறையைப் பிடித்தபடி காத்திருந்தேன். தட்டும் சத்தம் வரவில்லை. மூச்சு முட்டியபோது மேலே வந்தேன். துடுப்பை வைத்திருந்தவர் தட்ட மறந்து அழுதுகொண்டிருந்தார். நான் செத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாராம். ஒன்றரை நிமிடம்தான். சங்கு குளிக்கிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை.

மறு வருஷம் ராமநாதபுரத்துக் கொட்டகையில் படம் ஓடியது. ஒரு சினிமாப் பத்திரிகை அந்தக் காட்சியைப் புகழ்ந்து எழுதியிருந்தது. கதாநாயகி மூன்று மாதம் நீச்சல் பழகி, தானே ஆழ்கடலில் குதித்தாராம். துக்கத்தை விழுங்க முந்தானையைக் கடித்துக்கொள்ளும் அந்த நடிப்புக்கு ஈடே இல்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமா மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஊரில் பலரும் கரையில் நின்று பார்த்த விஷயம்தான். ஆனாலும் படம் வந்த பிறகு அது கேலியாகிவிட்டது. ஆம்பளை சேலை கட்டினானே என்று பள்ளிவாசல் வரைக்கும் பேச்சுப் போயிற்று. மாமா பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இந்தா பாரு. அந்தப் பொம்பளைதான் குதிச்சுச்சுன்னு அச்சுலயே போட்டிருக்கு. ஜமாத்துல கேட்டா, நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. விஷயம் முடிஞ்சிச்சு."

வாப்பாவும், "சொல்லித் தொலைடா" என்றார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாத்தில் கூப்பிட்டார்கள். மார்க்கம் படித்த ஆலிம்சா நடுவில் உட்கார்ந்திருந்தார். மாமா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அது நீயா?" என்றார் ஆலிம்சா.

"நான்தான்."

மாமா என் தொடையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. "சேலை கட்டினது தப்புன்னா சொல்லுங்க, இப்பவே அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்றேன். ஆனா குதிச்சது நான் இல்லைன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. அங்கன மூச்சப் புடிச்சுக் கெடந்தது நான். பொய் சொல்றதும் ஹராம்தானே?"

ஆலிம்சா தாடியைத் தடவிக்கொண்டு, "தவ்பா செஞ்சிரு. மத்தபடி நீ சொல்றது சரிதான்" என்று எழுந்துவிட்டார்.

ஜமாத் விட்டுவிட்டது. மாமா விடவில்லை. வெளியே வந்ததும், "ஒரு வார்த்தைக்கு என் மகள வேணாம்னுட்டியே" என்றார்.

"அவள வேணாம்னு நான் சொல்லலையே மாமா."

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த ஆண்டுக்குள் அவளைக் கீழக்கரையில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பல நாள் கடலுக்குப் போகாமல் கிடந்தேன். ஆனால் அன்று வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. அதை நான் செய்யவே இல்லை என்று நானே சொல்லிவிட்டால் மறுபடி எந்த முகத்தோடு தண்ணீரில் இறங்குவது?

படக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். குதித்தது நான், பத்திரிகையில் திருத்திப் போடச் சொல்லுங்கள் என்று இரண்டே வரி. ஒரு மாதம் கழித்து உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. அந்த அம்மாவின் புகைப்படம், கீழே கையெழுத்து, 'ரசிகருக்கு அன்புடன்' என்று அச்சடித்த வாசகம். என் கடிதத்தை யாரும் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

படத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில், 'நான் ரசிகன் இல்லை. அந்தக் காட்சியில் நடித்தவன். என்னிடம் கையெழுத்துக் கேட்டால் போட்டு அனுப்புகிறேன்' என்று எழுதி, கம்பெனி விலாசம் போட்டு, உறையில்லாமலே தபாலாபீஸுக்குக் கொண்டுபோனேன்.

முத்திரை குத்துகிறவர் அதை இருமுறை படித்தார். என் மீசையைப் பார்த்தார்.

"இத நெசமாவே அனுப்பணுமா?"

"அனுப்புங்க" என்றேன்.