பதுங்குகுழி வாசலுக்கு ஒரு வாள்

எங்கள் பதுங்குகுழிக்குள் தவழ்ந்துதான் போகலாம். மாமிக்கோ முழங்கால் மடங்காது. குண்டுபோட வரும் பொம்பர் இரைந்தால் அவர் கட்டிலில் கிடந்து தேவாரம் சொல்லுவார். அவரை விட்டுவிட்டுக் குழிக்குள் இறங்க மனம் வராமல் நான் குழி வாசலிலேயே நிற்பேன். என் கணவர் கொழும்பில். "அம்மாவை ஆரிட்டையாவது விட்டிட்டு வா" என்று ஆள் மூலம் சொல்லியனுப்புவார். யாரிடம் விடுவது? கொழும்புக்குப் போவதென்றால் படகில் கடலேரி கடக்க வேண்டும், அது மாமியால் முடியாது. மகனைப் பெற்றது அவர், மாட்டுப்பட்டது நான் என்று எரிச்சல் எரிச்சலாக வரும்.

குழி வாசலை மறித்துக்கிடந்த பனங்குற்றிகள் இரண்டை அரிந்தெடுத்துப் படி வெட்டினால் மாமி நடந்தே இறங்கலாம். கணவரின் மரம் அரியும் வாளை எடுத்துத் தொடங்கினேன். அது முதல் குற்றியிலேயே முறிந்தது. அரசாங்கம் சவர்க்காரத்துக்கே தடை போட்டிருந்த காலத்தில் புது வாளுக்கு எங்கே போவது!

பின்கொட்டிலில் கணவருடைய தச்சுமேசை கிடந்தது. பழைய மரப்பெட்டியொன்றை இறுக்கியிருந்த இரும்புப் பட்டியைக் கழற்றி அரத்தால் வாள்பல் வெட்டினேன். வேப்பந்தடியில் இரண்டு கைகள், நடுவில் குறுக்குச் சட்டம். கீழே பட்டி, மேலே தும்புக்கயிறு. கயிற்றுக்குள் சிறு தடியொன்றைச் செருகி முறுக்க முறுக்கப் பட்டி விறைத்து 'டங்' என்றது.

"என்ன பிள்ளை, வீணையோ செய்யிறாய்?" என்றார் மாமி.

"ஓம் மாமி, கச்சேரிக்கு வாங்கோ."

நாலு விரற்கடைகூட இறங்கவில்லை, வாள் குற்றிக்குள் இறுகிவிட்டது. இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது. "நீயுமோ சனியனே!" என்று கத்திவிட்டு அங்கேயே குந்தியிருந்து அழுதேன். பிறகு முறிந்த வாளை எடுத்துப் பார்த்தேன். அதன் பற்கள் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. நான் எல்லாவற்றையும் நேராக விட்டிருந்தேன். பட்டி அசைய மரத்துக்குள் இடமே இருக்கவில்லை. கயிற்றைத் தளர்த்திப் பட்டியை உருவி, குறட்டால் பற்களை மாறிமாறி வளைத்தேன். அதற்குப் பிறகு வாள் ஓடியது.

படி வெட்டி முடித்த அன்றே பொம்பர் வந்தது. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சத்தம் அடங்கி மேலே வந்ததும் என் கையைத் தட்டிவிட்டார். குழிச் சுவரைப் பிடித்து மறுபடியும் தனியே இறங்கினார், தனியே ஏறினார். மூச்சு வாங்கியது.

"பாத்தியோ? பக்கத்து வீட்டுப் பெட்டை எனக்குச் சோறு தருவாள். கேட்டிட்டன். இனி நீ அவனிட்டைப் போ."

எங்கள் ஊரில் யாரையும் 'போ' என்று அனுப்ப மாட்டார்கள். சந்தைக்குப் போகிறவளுக்கும் 'போட்டு வா', அதாவது போய்விட்டு வா என்றுதான் சொல்வார்கள். இந்த அனுமதிக்காக எவ்வளவு ஏங்கியிருப்பேன்! கேட்டதும் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"இதென்ன கதை மாமி? போட்டு வா எண்டு சொல்லுங்கோ."

"திரும்பி வரப்படாது பிள்ளை," என்றார். "போ."