ஆறப்போட்டவள்

உண்ணாமலை இறந்த அன்றும் ஊர் அதையே சொன்னது: எதையும் ஆறப்போடுகிறவள். சொன்னவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் சோம்பல். அவளுக்கோ இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

புருஷன் போனபின், குன்றாண்டார்கோவில் பக்கத்துச் சிற்றூரில், மகள் அமராவதியின் கல்யாணத்தை முடிவு செய்யும் உரிமை அவன் அண்ணன், அவளுக்கு மூத்தார், ஆவுடையப்பனிடம் போயிற்று. மாப்பிள்ளையும் தயார். உண்ணாமலை ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் சண்டை, சண்டையில் அவள் தோற்பாள்.

"ஆடியில பேசப்படாது மாமா" என்றாள். புரட்டாசி ஆகாது என்றாள். ஐப்பசி மழையில் பந்தல் நிற்காது. மார்கழியில் அவள் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. தையில் முதுகு பிடித்துக்கொண்டது. பங்குனி வந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் அமராவதிக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை. அந்தக் காலத்தில் அது தேறினாலே நர்சு படிக்கலாம்.

ஆவுடையப்பன் விழித்துக்கொண்டார். "செவ்வாக்கெழம ஊருக்குக் காப்புக் கட்டிருவாங்க. அப்பறம் திருவிழா முடியிற மட்டும் இங்க ஒரு தாலி ஏறாது. வர்ற ஞாயித்துக்கெழமயே முடிக்கிறோம். ஒன் ஆறப்போடுற வேலையெல்லாம் இனி நடக்காது."

"சரிங்க மாமா."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாரியம்மன் கோயிலில் நின்றாள். அக்கினிச் சட்டி எடுப்பதாக வேண்டுதல், இப்போதே காப்புக் கட்டவேண்டும் என்றாள்.

பூசாரி கருப்பையா சிரித்தார். "ஊருக்கே இன்னும் கட்டலை. ஒனக்கு என்னத்தா அவசரம்? நீ எதுக்கும் அவசரப்படுறவ இல்லையே."

"இதுக்குப் படுறேன். கட்டுங்க."

மஞ்சள் கயிறு கட்டிய கையோடு நேராக ஆவுடையப்பன் வாசலுக்குப் போனாள். காப்புக் கட்டியவள் வீட்டில் கல்யாணம் நடத்த அவருக்கும் துணிச்சல் இல்லை.

"இத ரெண்டு நாளு ஆறப்போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

"சாமி காரியத்த ஆறப்போடலாமா மாமா?"

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள்.

பரீட்சை குளத்தூரில். காப்போடு இருப்பவள் ஊரெல்லை தாண்டக்கூடாது. பரீட்சையன்று காலை மகளுடன் எல்லைவரை நடந்து, அங்கேயே நின்றாள். மாட்டுவண்டியில் வந்த ஆண்டியப்பன், ஆவுடையப்பனின் பங்காளி, வண்டியை நிறுத்தினான்.

"பொட்டப்புள்ளய ஒத்தையில எங்கிட்டு அனுப்புற?"

"பரீட்ச எழுதப் போறா. நீயும் குளத்தூருக்குத்தான போற? ஏத்திக்க."

"ஒங்க மாமா கேட்டா?"

"நான் ஏத்திவிட்டேன்னு சொல்லு. இங்கனயேதான் நிக்கிறேன், வந்து கேக்கட்டும்."

அமராவதி ஏறிக்கொண்டாள். உண்ணாமலை வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றாள். யாரும் வந்து கேட்கவில்லை.