தூசி என்று நான் சொன்ன நட்சத்திரங்கள்

மழையில்லாத இரவில் மொட்டைமாடியில் குடை விரித்து நின்ற பெண் வெள்ளவத்தையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குடை கமராவுக்கு. கடற்காற்றில் முக்காலி ஆடினால் நட்சத்திரம் படத்தில் புழுவாக நெளிந்துவிடும் என்பது என் கணவரின் கவலை. பழைய கமரா ஒன்றை வாங்கி, வானத்தைப் படமெடுக்கத் தானாகவே பழகிக்கொண்டிருந்தார். இப்போது கைத்தொலைபேசியை நீட்டினாலே வானம் விழுகிறதாம். அன்று மின்வெட்டு வரவேண்டும். ஊரே சபிக்கும் நேரத்தில் இவர் மட்டும் "அருமையான இருட்டப்பா" என்று படியேறுவார். ஷட்டரைத் திறந்துவைத்து இருபது வரை உரக்க எண்ணுவார். அதுவரை நான் அசையக்கூடாது.

முதல் இரண்டு பிலிம் சுருள்களையும் ஒன்றும் விழவில்லை என்று ஸ்டூடியோக்காரர் குப்பையில் போட்டுவிட்டார். மூன்றாவது முடிவதற்குள் பொலிஸ் படியேறி வந்தது. தமிழர் வீட்டு மொட்டைமாடியில் ஒருவர் வானத்துக்குக் குறிவைத்து எண்ணுகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவரைக் குறைசொல்ல மாட்டேன். கேட்க எனக்கே பயமாகத்தான் இருந்தது. கமராவோடு இவரையும் கொண்டுபோனார்கள். யுத்த காலத்தில் அப்படிப் போனவர் மறுநாளே வருவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரவு முழுவதும் நான் கண்மூடவில்லை.

மறுநாள் அடையாள அட்டை, தமிழர் கையில் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். சார்ஜன்ட் மேசையில் படங்களைப் பரப்பியிருந்தார். எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன, அங்கங்கே சில வெள்ளைப் புள்ளிகள். அவற்றைக் கழுவிய ஸ்டூடியோக்காரரும் பக்கத்தில் நின்றார். அந்த வெள்ளைப் புள்ளிகள் வெறும் தூசி என்று சொன்னார். சார்ஜன்ட் நிம்மதியாகப் பேனாவை எடுத்தார், இவரை விடுவதற்கு.

அப்போதுதான் என் மனிதர் வாயைத் திறந்தார். தூசி இல்லை, நட்சத்திரம், இந்த மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதைப் பாருங்கள் என்று உடைந்த சிங்களத்தில் சொன்னார். பேனா நின்றது. அடுத்து, இந்த மூன்றும் வானத்து வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டி, அதில் தொங்குவது அவன் வாள் என்று தொடங்குவார் என்பது எனக்குத் தெரியும். பொலிஸ் நிலையத்தில் சொல்லக்கூடிய கதையா அது? நான் குறுக்கே விழுந்து, அது தூசிதான் மகத்தயா, வீடு கூட்டுகிற தும்புத்தடியை நான் தொட்டு ஒரு மாதமாகிறது என்றேன். சார்ஜன்ட் இவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோவில், திருப்பித் தந்த படங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தார். நுளம்புக்கடி, பசி பற்றி ஒரு சொல் இல்லை.

"உமக்கும் அது தூசியாத்தான் தெரிஞ்சதோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லையப்பா. மூண்டும் வடிவாத் தெரிஞ்சது."

"மூண்டில்லை, நாலு. கீழ ஒண்டு மங்கலா நிக்குது, பாரும்."

உற்றுப் பார்த்தேன். அது மட்டும் அசல் தூசி.

"ஓம், நாலு" என்றேன்.