முப்பது வீட்டுக்குச் சேறு

நிகோபார் தீவில், கேம்பல் பே என்ற ஊரில் எனக்கு அடுத்த வீட்டுக்காரன் சிவஞானம். வேலூர்ப் பக்கத்து ஆள், டாங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் அருள்நாதன், நாகர்கோவில்காரன், காலாட்படையில் சமையல் பார்த்தவன். பழைய சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய அந்த இடத்தில் பஞ்சாபிகளும் மராட்டியர்களும்தான் அதிகம்; தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர். என் வீட்டுக்காரி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அவன் மனைவி மரகதம் இன்னும் வந்தே சேரவில்லை.

தகரக் கூரை போட்ட முப்பது வீடும் ஒரே அச்சு. நானே ஒருமுறை மராட்டிக்காரர் வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், வெட்கக்கேடு! படையில் டாங்கிகளுக்கு அடையாளம் தீட்டிய சிவஞானம் சும்மா இருப்பானா? பிரஷைத் தூக்கினான். முதல் தெருவுக்கு முக்கோணம், அடுத்ததற்குச் சதுரம், மூன்றாவதற்கு வட்டம், எல்லாம் சிவப்பில். உள்ளே வீட்டு எண்.

"டாங்கிலயும் இதே கணக்குதான்யா. ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் ஒரு வடிவம். உள்ள இருக்கிற நம்பர் எந்த வண்டின்னு சொல்லும். புழுதியில வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது" என்பான். ஊரே அவனை 'பெயிண்டர் ஹவில்தார்' என்று கூப்பிட்டது. சொந்தப் பெயர் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் மரகதம் கடிதம் போட்டாள்: 'வந்து பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் அதே கப்பலில் திரும்பிவிடுவேன்.' பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில், லீவு நாட்களை எல்லாம் கூட்டினாலும் இருவரும் சேர்ந்திருந்தது ஒரு வருடம் தேறாது. 'சிவப்பு முக்கோணம், உள்ளே 3. அதுதான் நம் வீடு' என்று பதில் எழுதினான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபத்தொன்று நவம்பர் கடைசி. போர் வரும்போல என்று ரேடியோ சொன்னது. மறுநாள் காலையில் பார்த்தால், சிவஞானம் வாளியும் கையுமாக எல்லா அடையாளத்தின் மேலும் சேற்றை அப்பிக்கொண்டிருக்கிறான்.

"ஓய், கோட்டி பிடிச்சிட்டா?"

"சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி டாங்கி அடையாளத்த மறைப்போம்யா. எந்தப் படைன்னு எதிரிக்குத் தெரியக் கூடாது இல்ல?"

இங்கே எந்தப் படை இருந்தது, நான்கு கோழியைத் தவிர? ஆனால் மற்ற சிப்பாய்களும் ஆமாம், ஆமாம் என்று சேறு குழைத்துக் கொடுத்தார்கள். யாரும் கேட்காமலே நாங்கள் பத்துப் பேர் இரண்டு நாள் கரைக்காவலுக்கும் கிளம்பிப் போனோம். நானும் போனேன், என்னைச் சொல்ல வேண்டும்!

இரண்டாம் நாள் மாலை திரும்பினால், கடலில் கப்பல் நிற்கிறது. இன்ன தேதிக்கு வரும் என்று யாருக்கும் சொல்லாமல் காலையிலேயே வந்துவிட்டது. இருட்டுவதற்குள் கிளம்பிவிடுமாம். சிவஞானம் ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன்.

வீடு காலி. மரகதம் காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். முக்கோணத்தைக் காணோம். 'சிவஞானம்' என்று கேட்டால் கைவிரிக்கிறார்கள். சிவப்பு முக்கோணத்தைக் காற்றில் வரைந்து காட்டியதும், குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமும் அதுதானே, ஒரு மராட்டிக்காரி கையைப் பிடித்து நேராக அந்த நர்ஸிடம் கூட்டிப் போயிருக்கிறாள்!

கடைசி வீட்டில், பஞ்சாபிக்காரியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் "பைட்டோ, பைட்டோ" என்று இந்தியில் உட்காரச் சொல்லி மூன்றாவது தம்ளர் டீயை நீட்டிக்கொண்டிருந்தாள். கப்பல் ஒருமுறை ஊதியது.

"மரகதம், தப்பு என்னுதுதான்..." என்று தொடங்கிய சிவஞானம் அவள் பக்கத்தில் பெட்டியைத் தேடினான். "பெட்டி எங்க?"

"கரையில கெடக்குது. இன்னிக்கு ஏழு வூடு ஏறி எறங்கினேன். ஒருத்தி பேசறதும் புரியல. ஏழு வூட்லயும் உக்கார வச்சு டீ குடுத்தாங்க. ஊர்ல பன்னெண்டு வருசம் தனியா கெடந்தேனே, ஒருத்தி உக்காருன்னு சொல்லியிருப்பாளா?"

கப்பல் மறுபடியும் ஊதியது.

"இன்னா நின்னுக்கினு இருக்கீங்க? போய் வூட்டுக்குத் தூக்கியாங்க."

இரண்டு ஆள் தூக்க வேண்டிய இரும்புப் பெட்டி அது. கைகொடுக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு, அந்தப் பாவி ஒற்றை ஆளாகத் தலையில் வைத்துக்கொண்டு, அழுதபடியே ஓடி வந்தான்.